பன்னிரண்டாவது வண்டி

சீட்டுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். புதிதாகக் குடிவந்த சிலர், யாரோ சீட்டாடுகிற ஆள் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனதும் உண்டு. அவர் ஆடுகிறவர் இல்லை, தைக்கிறவர். காருக்கும் வேனுக்கும் லாரிக்கும், ஆஸ்பத்திரி பெஞ்சுக்கும், சலூன் நாற்காலிக்கும், இப்படி மனிதர்கள் உட்காருகிற எதற்கும் மெத்தை வைத்து உறை தைத்துக் கொடுப்பது அவருடைய முப்பது வருடப் பிழைப்பு. இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். பத்தொன்பது வயதில், பஸ் பாடி கட்டும் ஷெட்டில், மெஷின் ஊசி அந்த விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து நகம் இரண்டாகவே வளர்கிறது. ஊருக்கெல்லாம் சீட் தைத்தவருக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. ஒரு மொபெட் இருந்தது. அதன் சீட் கிழிந்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தையலைத் தவிர அவருக்கு இன்னொரு வித்தை தெரியும். ஒரு சீட்டைத் தடவிப் பார்த்தே அதில் உட்கார்ந்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவார். கதவுப்பக்கத்து விளிம்பு அமுங்கியிருந்தால், கனத்த ஆள், தொப்பென்று விழுந்து அந்த விளிம்பிலேயே தேய்த்துக்கொண்டு இறங்குகிறவன். நடுவில் லேசாகக் குழி விழுந்து ஓரங்கள் புதிதாக இருந்தால், நெடுஞ்சாலையில் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிறவன். முன்பக்கத்து நுனி நைந்திருந்தால், வண்டி இன்னும் கைக்குப் படியாமல் பயந்துபோய் நுனியில் தொற்றிக்கொண்டிருக்கிறவன். மீட்டரைத் திருப்பி வைக்கலாம், பெயிண்ட் அடித்து மறைக்கலாம், ஆனால் உட்கார்ந்த தடம் பொய் சொல்லாது என்பது அவருடைய பொன்மொழி. சாப்பாட்டு நேரமோ துக்க வீடோ, இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

அவருக்குக் கல்யாணம் ஆனதே இந்த வித்தையால்தான். ஆஸ்பத்திரி ஊழியர்கள் சாப்பிடும் அறையில் எட்டு நாற்காலிகளுக்கு உறை மாற்றப் போயிருந்தார். துணி வெளுக்கும் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டு போர்வை மடிக்கிற பெண் ஒருத்தி, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அந்த மூணாவது நாற்காலி உங்களோடதுதானே? இடது காலை மடக்கி வச்சு உக்காருவீங்க" என்றார். அவள் எப்படி உட்காருகிறாள் என்பதை அதுவரை உலகத்தில் ஒருவரும் கவனித்ததில்லை. அடுத்த வாரம் கிழிந்த கைப்பை ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தாள். அப்புறம் ஒரு குடை உறை. தைக்க வேண்டியதெல்லாம் தீர்ந்துபோன பிறகு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருமுறை இரண்டு பேருடைய சீட்டுகள் மாறிப்போய், கடை வாசலில் கைகலப்பு வரைக்கும் போயிற்று. அதிலிருந்து எந்த சீட்டைப் பிரித்தாலும், உறையை மறுபடி இழுத்து மாட்டுவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சின் மேல் கறுப்பு மார்க்கரால் யாருடையது, என்ன வேலை என்று ஒரு வரி எழுதிவிடுவார். உறை மூடிக்கொண்டால் வெளியே தெரியாது. வித்தையைப் பற்றி ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட மனிதர், இந்த எழுத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இதில் பெருமை எதுவும் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

இருபத்திரண்டு வருடமாக அவர் மனைவி அதே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்குள் மேஜை முன்னால் நிற்கவேண்டும். நின்று நின்று குதிகால் வலி வந்து நிலைத்துவிட்டது. காலையில் எழுந்தவுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நொண்டுவாள். கேட்டால், நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்பாள். இந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம், துணி வெளுக்கும் பிரிவை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. நாலு மாதம் அவகாசம். அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். வரமுடிகிறவர்கள் கையெழுத்துப் போடலாம், முடியாதவர்கள் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்றார்கள். லாரிகளுக்கு நடுவே மொபெட்டில் அவ்வளவு தூரம் போவது தற்கொலைக்குச் சமம். ஒரு கார் வந்தால் வேலை நிலைக்கும், வராவிட்டால் இருபத்திரண்டு வருடம் அதோடு சரி.

அவர்களுடைய சேமிப்புக்கு ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடிய வண்டி எதுவும் கிடைக்காது. அதில் சீட்டுக்காரருக்கு வருத்தமே இல்லை. எவ்வளவு ஓடியது என்பதா பெரிது, யார் ஓட்டினான் என்பதல்லவா பெரிது என்று சொல்லிவிட்டு வேட்டைக்குக் கிளம்பினார்.

வேட்டை என்றால் சாதாரண வேட்டையா? மூன்று மாதத்தில் பதினோரு வண்டி. முதல் வண்டியில் ஓட்டியவன் குடிகாரன் என்றார், சிகரெட் சுட்ட ஓட்டைகளை எண்ணிக் காட்டி. நாலாவது வண்டியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஓயாமல் சண்டை போட்டிருக்கிறார்கள், முன் சீட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கின்றன, சண்டைக்காரன் பிரேக்கை மிதிக்கிற மிதியே வேறு என்றார். ஏழாவதில் பின் சீட்டில் நாய். ஒன்பதாவதில் ஒரு குறையும் கிடைக்காமல் திணறி, கடைசியில் இவ்வளவு சுத்தமாக இருப்பதே சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். விற்க வந்தவர்கள் சிலர் சிரித்தார்கள், ஒருவர் அடிக்கவே வந்தார். ஒவ்வொரு முறையும் மனைவி கூடவே போய், வண்டியில் சாய்ந்து வலிக்கிற காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் தடவி முடிக்கும் வரைக்கும் நின்றாள்.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போன பிறகு பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான் அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கினாள். இப்போது பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய வண்டி வாங்கி விற்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் அக்கா வீட்டில் சாப்பாடு. அங்கே உட்கார்ந்துதான் மாமாவின் சீட் சாஸ்திரம் முழுவதையும் கேட்டுத் தீர்த்தான். மற்றவர்கள் கொட்டாவி விடுகிற இடத்தில்கூட அவன் "அப்புறம் மாமா?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே மைத்துனனை அவருக்குப் பிடிக்கும். ஆனாலும் சொந்தத்துக்குள் வியாபாரம் வேண்டாம், உறவு கெட்டுப்போகும் என்று அவனிடம் மட்டும் வண்டி கேட்காமல் இருந்தார். பதினோராவது வண்டியும் தட்டிப்போன அன்று வீடு திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவி, தம்பியிடம் ஒரு தடவை பார்க்கலாமே என்று மட்டும் சொன்னாள். கையெழுத்துப் போட இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சரி என்றார்.

மறுநாள் போனபோது மைத்துனன் வெள்ளை வண்டி ஒன்றைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான். மீட்டர் இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் காட்டியது. "மீட்டர நான் தொடவே இல்ல மாமா, உள்ளது உள்ளபடி" என்றான். சீட்டுக்காரர் அதையெல்லாம் காதில் வாங்காமல் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் அவருக்கு ஏதோ போல இருந்தது. இத்தனை வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறார், இப்படி ஒரு சீட் அவரை வா என்று கூப்பிட்டு இடுப்பில் கை வைத்துத் தாங்கியதில்லை. வெகுநாள் பழகிய இடம் போல இருந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார். பிளந்த நகத்தால் விளிம்பைத் தடவினார். பக்கத்துச் சீட்டை அமுக்கிப் பார்த்தார். அது புதுக் கருக்கு மாறாமல் இருந்தது.

"ஒரே ஆள்தான் ஓட்டியிருக்கணும். மெலிஞ்ச உடம்பு. அவசரமே கிடையாது. பக்கத்துல யாரையும் ஏத்தினதில்ல" என்றார். பின் சீட் மட்டும் நைந்து நூல் பிரிந்திருந்தது. ஒரு கணம் யோசித்தார். "சாமான் ஏத்தி இறக்கியிருக்காங்க" என்றார்.

"அதேதான் மாமா. மருந்து கம்பெனி ஏஜென்ட். பின்னாடி பூரா பெட்டிதான் வச்சிருப்பாரு" என்றான் மைத்துனன்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோது கிளட்ச் உதறியது. இரண்டாவது கியர் விழும்போது கறகறவென்று ஒரு சத்தம். ஒரு மாதத்துக்கு முன்பு வேறு எவன் வண்டியிலாவது அப்படிக் கேட்டிருந்தால் அங்கேயே இறங்கி நடந்திருப்பார். இப்போது, வயதான வண்டி என்றால் மூட்டு வலி இருக்காதா என்று அவரே சமாதானம் சொன்னார். திரும்பி வந்து நிறுத்தியதும் மனைவி பக்கம் பார்த்தார். அவள் வழக்கம் போலக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நல்ல மனுஷன் ஓட்டின வண்டி. எடுத்துக்கலாமா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாததா? நீங்க தொட்டுப் பாத்துச் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவருடைய வித்தையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆரம்பத்தில் சிரிப்பாள், பிறகு கேட்டுக்கொள்வாள், பிறகு பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் அவள் கண்ணை அகலத் திறந்து பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. அங்கேயே முன்பணம் கொடுத்தார். மூன்று நாள் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிறகு பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று மைத்துனன் சாவியைக் கையில் திணித்தான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, வீட்டை ஒட்டிய தன் ஷெட்டில் வண்டியை நிறுத்தினார். அவள் திரும்பி வருவதற்குள் முன் சீட் இரண்டுக்கும் புது உறை தைத்து அசத்திவிட வேண்டும் என்று திட்டம். அவளுக்குப் பிடித்த தவிட்டு நிறத் துணி ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தார். அவள் உட்காரப்போகிற பக்கத்துச் சீட்டை முதலில் முடித்தார். பாட்டுக் கூடப் பாடினார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பிறகு ஓட்டுநர் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, கம்பெனி உறையைப் பிடித்திருந்த கொக்கிகளைக் குறடால் ஒவ்வொன்றாக நெம்பி, உறையை உரித்தார்.

ஸ்பாஞ்சின் மேல் கறுப்பு எழுத்து இருந்தது. "பல் டாக்டரம்மா. இடுப்பில் இரண்டு விரல் பள்ளம். உறை பழையதே."

அவருடைய கையெழுத்து. 'க்' மேல் புள்ளி வைக்காமல் கோடாக இழுக்கிற அவருடைய பழக்கம்கூட அப்படியே இருந்தது.

பல் டாக்டரம்மாவை அவருக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்க குனிந்தே நின்று இடுப்பு போன மனுஷி. நாலு வருடத்துக்கு முன் அவருக்காக ஸ்பாஞ்சைச் செதுக்கி, மூன்று தடவை உட்காரவைத்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். அந்த அம்மா தனியாகத்தான் போவார், வருவார். போன வருடம் யாரோ பின்னாலிருந்து மோதி வண்டி நசுங்கிப்போய்விட்டது, டாக்டரம்மா பிழைத்தார், வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த வண்டி இதே கம்பெனி, இதே மாடல். ஆனால் சிவப்பு.

சீட் அவரைத் தெரிந்தது போல இடுப்பில் கை வைத்துத் தாங்கியதே, அது சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது அவருடைய சொந்தக் கை. தன் கை தனக்கே அடையாளம் தெரியாமல் போயிற்றே என்று முதலில் வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரம்தான். சீட்டைப் பிணைத்திருந்த போல்ட்டுகளில் புதிதாக ஸ்பானர் பட்டுக் கீறிய தடம் தெரிந்தது. பக்கத்துச் சீட்டின் போல்ட்டுகளிலும் அதே தடம். அப்புறம் கால் வைக்கிற இடத்தில் கம்பளத்தைத் தூக்கினார். ஓட்டுகிறவர் பக்கம் ஒன்றும் இல்லை. பக்கத்து ஆள் கால் வைக்கிற இடத்தில் தகரத்தில் நாலு ஓட்டை, பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தது. எத்தனை வண்டிக்குச் சீட் தைத்தவர், அந்த நாலு ஓட்டை எதற்கு என்று தெரியாதா? கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்காக இரண்டாவது பிரேக்கும் கிளட்ச்சும் பொருத்துகிற இடம் அது. டிரைவிங் ஸ்கூல் வண்டி.

இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் கிலோமீட்டரும் உண்மைதான். அத்தனையும் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே ஓடியவை. பின் சீட்டை நைய வைத்தது மருந்துப் பெட்டி இல்லை, தங்கள் முறை வருவதற்காக வரிசையில் உட்கார்ந்திருந்த கற்றுக்குட்டிகள். மருந்து ஏஜென்ட் கதையையும் நினைத்துப் பார்த்தார். மைத்துனன் முதலில் எந்தக் கதையும் சொல்லவில்லை. ஒரே ஆள், மெலிந்த ஆள், பின்னால் சாமான் என்று கதையைக் கட்டினவர் அவரேதான். அவன் அதற்கு ஒரு உத்தியோகம் மட்டும் கொடுத்தான்.

வேறு யார் வாங்க வந்திருந்தாலும் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஊரில் எல்லோரும் என்ஜினைப் பார்ப்பார்கள், அதைத் துடைத்து வைத்தால் போதும். முன் சீட் இரண்டையும் மாற்றினால் ஏமாறக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சோற்றைப் போட்டு, எங்கே அடித்தால் விழுவேன் என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். மைத்துனன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவர் அவனைக் கேட்காமலே பின்பக்கம் போய், டயர்களை இழுத்துப் போட்டு, அடியில் கிடந்த சீட்டை வெளியே எடுத்தார். முன் நுனி நைந்து கம்பி தெரிந்தது. முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, நகர்த்துகிற தண்டவாளம் பல் போயிருந்தது. நூற்றுக்கணக்கான பயந்தவர்கள் தொற்றிக்கொண்டிருந்த சீட். அதைத் தடவ வேண்டிய அவசியமே இல்லை, எட்டி நின்று பார்த்தாலே போதும்.

"இது எந்த வண்டியோடது மாப்ள?"

மைத்துனன் போனை அணைத்தான். அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்ஜின் நன்றாக இருக்கிறது, கிளட்ச்சைத் தன் செலவிலேயே மாற்றித் தருகிறேன், இது உங்கள் நல்லதுக்குத்தான் என்றெல்லாம் அடுக்கினான். அவர் சீட்டைத் தூக்கி அவன் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

"நானா செய்யல மாமா. அக்காதான் சொன்னா. அவர் சீட்டத்தான் பாப்பாரு, வேற எதையும் பாக்க மாட்டாரு, சீட்ட சரி பண்ணிக் கொண்டான்னு அவதான் சொன்னா."

மைத்துனன் ஏமாற்றியதை வரும் வழியிலேயே அவர் பாதி செரித்திருந்தார். வியாபாரி, வேறு எப்படி இருப்பான்? இது அப்படி இல்லை. மொபெட்டைக் கிளப்ப நாலு தடவை உதைக்க வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு அவள் வந்தாள். ஷெட்டில் உரித்துப்போட்ட சீட்டையும் அதன் மேலிருந்த எழுத்தையும் பார்த்தாள். எழுத்தை வாய்க்குள்ளேயே ஒரு தடவை படித்தாள். அவர் கேட்பதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்து, உங்களுக்குத் தெரியாததான்னு கேட்டியே."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற காலைத் தூக்கினாள். கோபமோ அழுகையோ இல்லாமல், மடித்து வைத்த துணியை எடுத்து வைப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பதினோரு வண்டி பாத்தோம். ஒவ்வொண்ணுலயும் முன்னாடி உக்காந்தவன் குடிகாரனா, சண்டக்காரனான்னு சொன்னீங்க. இனிமே உக்காரப் போறவளப் பத்தி ஒரு தடவ கேட்டீங்களா? எனக்கு இன்னும் பத்து நாள்தாங்க இருக்கு."

மூன்றாவது நாற்காலியைப் பார்த்து அவள் காலை எப்படி மடக்குகிறாள் என்று சொன்னவர்தான். அந்தக் கால் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவதை வருடக்கணக்கில் பார்த்தும், நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று அவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். அவள் சொன்னது நியாயம் என்று தெரிந்தது. நியாயம் என்பதற்காக வலி குறைந்துவிடவில்லை.

"அதுக்காக என்னை முட்டாளாக்கணுமா?" என்றார்.

"சீட்டு மட்டும் கிழிஞ்சு போச்சு, மத்தபடி வண்டி தங்கம்னு தம்பி சொன்னான். கிழிஞ்சதப் பாத்தா நீங்க வேண்டாம்பீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் போய் வண்டியின் கதவைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அவளுக்கு அந்த ஓட்டைகள் என்னவென்று தெரியவில்லை. சொன்னார். கற்றுக்குட்டிகள், கிளட்ச், இரண்டாவது கியர், எல்லாம் சொன்னார். நெடுஞ்சாலையில் விடியற்காலை லாரிகளுக்கு நடுவே இது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஷெட் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்டயுமா பொய் சொன்னான்?" என்று கேட்டாள். அவரைப் பார்த்துக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர் டிரைவிங் ஸ்கூல் சீட்டுகளைக் கொண்டுவந்து பழையபடி பொருத்தினார். தவிட்டு உறையையும் டாக்டரம்மா சீட்டையும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அது தன் கை வேலை, அதை வைத்து இன்னொருவனை ஏமாற்ற விடமாட்டேன் என்றார். வண்டியைக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டதும், சாவியைக் கொடுக்க அவள் மட்டும் உள்ளே போனாள். அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. முன்பணம் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனன் வரவில்லை. அவள் பழக்கதோஷத்தில் மூன்று தட்டு வைத்து, ஒன்றைத் திரும்ப எடுத்துக் கவிழ்த்தாள்.

பதின்மூன்றாவது வண்டியை அவள்தான் பார்த்தாள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஓடியது. ஒரு பால் வியாபாரியுடையது, சீட்டெல்லாம் கந்தல். அடுத்த தெரு மெக்கானிக்கை அழைத்துவந்து என்ஜினைப் பிரித்துக் காட்டச் சொன்னாள், இன்னும் மூன்று நாலு வருடம் வரும் என்று மெக்கானிக் சொன்ன பிறகு எடுத்துக்கொண்டாள். சீட்டுக்காரர் அந்த நேரம் முழுவதும் வாசலுக்கு வெளியே நின்றார். யாராவது தன் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தார். யாரும் கேட்கவில்லை. அவள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

புதுக் கட்டடத்தில் வேலை தொடங்குகிற முதல் தேதிக்குள் அவள் சீட்டை அவர் தைத்து முடித்தார். இந்த முறை கேட்டுக் கேட்டுச் செய்தார். எங்கே வலிக்கிறது, கால் எவ்வளவு நீட்டினால் சுகம், முதுகு எங்கே சாய வேண்டும் என்று டாக்டரம்மாவைக் கேட்டது போலவே அவளையும் கேட்டார். மூன்று தடவை உட்காரவைத்துத் திருத்தினார். காலைத் தூக்கி வைக்க முன்னால் ஒரு சின்ன மெத்தையும் தைத்தார். உறையை மாட்டுவதற்கு முன் மார்க்கரைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாருடையது என்று எழுதலாம், என்ன வேலை என்று எழுதலாம். அவளைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று யோசித்தார். கடைசியில் ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டார்.

முதல் நாள் காலை ஐந்தே காலுக்குக் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினார்கள். பால் வியாபாரியின் என்ஜின் சத்தம் போட்டாலும் சீராகப் போயிற்று. அவள் காலை மெத்தையில் நீட்டி, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா தச்சிருக்கீங்க. வலியே தெரியல" என்றாள்.

உண்மையாகத்தான் சொன்னாள். அவளுடைய முகத்தைப் பார்த்திருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். நிஜமாகவா என்று கேட்க வேண்டும் போல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லுவாள். அந்த வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நின்ற அன்றைக்குக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.